விலைவாசி ஏன் ஏறுகிறது, எப்படி அடக்குவது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உணவுப் பொருள் விலையைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் மறுபடி மறுபடி வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். கணக்குகள் இந்தியாவுக்கானவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக. முன்பு சொன்ன பதிலையே திரும்பச் சொல்லாமல் அதன் எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. பணவீக்கம் குறைஞ்சிருச்சுன்னு டிவியில சொல்றாங்க. கடையில எதுவும் குறையலையே?

விலை ஏறும் வேகத்தைத்தான் பணவீக்கம் என்கிறோம். வேகம் குறைந்தாலும் ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். போன ஆண்டு ஜூலையில் கிலோ 40 ரூபாய்க்கு விற்ற காய் இந்த ஜூலையில் 100 ரூபாய் என்றால் பணவீக்கம் 150 சதவீதம். அடுத்த ஜூலையில் அது 90 ரூபாய் என்றால் செய்தியில் 'மைனஸ் 10 சதவீதம்' என்று வரும். 40 ரூபாய்க்கு வாங்கியவருக்கோ அது இன்னும் இரண்டு மடங்குக்கு மேல்தான்.

ஆகவே மாதாமாதம் வரும் அறிவிப்பில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டது ஒன்று, போன மாதத்தோடு ஒப்பிட்டது மற்றொன்று. போன ஆண்டு விலை மிக அதிகமாக இருந்திருந்தால் முதல் எண் தானாகவே சிறியதாகத் தெரியும்.

2. அஞ்சு சதவீதம், ஆறு சதவீதம்னு சொல்றாங்க. எங்க வீட்டு மளிகை பில் அதைவிட ரொம்ப ஏறியிருக்கு. அப்போ அந்தக் கணக்கு பொய்யா?

பொய் இல்லை. அது நாட்டின் சராசரிக் கூடை. உங்கள் வீட்டுக் கூடை வேறு. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை, அதாவது கணக்கில் அவற்றின் பங்கு, 100-க்கு 45.86 ஆக இருந்தது. அதற்குள் தானியம் 9.67, பால் 6.61, காய்கறி 6.04, எண்ணெய் 3.56, பருப்பு 2.38. மிச்சம் துணி, வாடகை, மருத்துவம், பயணம் எல்லாம்.

மாதம் 15,000 ரூபாய் செலவழிக்கும் குடும்பத்தில் 9,000 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது என்று வையுங்கள். உணவு விலை 10 சதவீதம் ஏறினால் 900 ரூபாய் கூடுதல், அதாவது மொத்தச் செலவில் 6 சதவீதம். 80,000 செலவழித்து அதில் 16,000-ஐ உணவுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு அதே ஏற்றம் 2 சதவீதம்தான். ஒரே சந்தை, ஒரே விலை, மூன்று மடங்கு வித்தியாசமான சுமை. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் உணவின் பங்கு கிராமத்தில் 47 சதவீதம், நகரத்தில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. கூலி வேலை செய்பவர் வீட்டில் இது இன்னும் மேலே இருக்கும். உணவு விலையை மற்ற விலைகளைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

3. தக்காளி மட்டும் ஏன் ஒரு மாசம் 10 ரூபாய், ரெண்டு மாசத்துல 150 ரூபாய்?

மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, வைத்திருக்க முடியாது. பழுத்த தக்காளி வெளியில் சில நாள்தான் தாங்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தாலும் 10 டிகிரிக்குக் கீழே போனால் சதை நைந்து சுவை கெடும். சரியான வெப்பத்தில் வைத்தாலும் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. உருளைக்கிழங்குபோல் ஆறு மாதம் அடைத்து வைக்கும் பொருள் இது இல்லை. இரண்டாவது, நாற்று நட்டு முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள் ஆகும். இன்று விலை எகிறினாலும் புதுச் சரக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, விலை ஏறினாலும் ரசத்துக்கும் குழம்புக்கும் நாம் வாங்குவதை அதிகம் குறைப்பதில்லை. வரத்து 20 சதவீதம் குறைந்தால் விலை 20 சதவீதம் மட்டும் ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது; இரண்டு மூன்று மடங்காகும்.

2023-ல் நடந்ததைப் பாருங்கள். மே மாதம் மகாராஷ்டிரத்தில் விலை கிலோ சில ரூபாய்க்கு விழுந்து, விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜூன், ஜூலையில் மழையும் பூச்சித் தாக்குதலும் சேர்ந்தன. சில நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். செப்டம்பரில் மறுபடி சரிந்தது. மே மாதச் சரிவுக்குள்ளேயே ஜூலை ஏற்றம் இருந்தது.

அந்த 2012 அடிப்படைக் குறியீட்டில் தக்காளியின் எடை 0.57 மட்டுமே. ஆனால் விலை மூன்று மடங்கானால் அது மட்டுமே மொத்தப் பணவீக்கத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் சேர்த்துவிடும். 2023 ஜூனில் 5-க்குக் கீழே இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 ஆனதற்குக் காய்கறிதான் முதல் காரணம். அந்த மாதம் காய்கறிப் பணவீக்கம் 37 சதவீதம்.

4. வெங்காயத்தை வெச்சிருக்கலாமே? அது ஏன் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏறுது?

வைத்திருக்கலாம், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நாட்டின் பெரிய வெங்காயத்தில் 70 சதவீதம் அளவு ரபி எனப்படும் குளிர்காலப் பயிர். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அறுவடை. சேமித்து வைக்கத் தகுந்ததும் அந்தப் பயிர்தான். அடுத்த காரீஃப், அதாவது மழைக்காலப் பயிர் அக்டோபர், நவம்பரில் சந்தைக்கு வரும்வரை அந்த இருப்பைத்தான் நாடே சாப்பிடுகிறது. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் காற்றோட்டமான மூங்கில், மரச் சட்டப் பட்டறைகளில் அடுக்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் ஈரம் வற்றியும் முளைத்தும் அழுகியும் எடையில் 30 முதல் 40 சதவீதம் போய்விடும். ஆகவே செப்டம்பர், அக்டோபரில் இருப்பு மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் காரீஃப் அறுவடையை மழை பத்து நாள் தள்ளிப்போட்டாலே நாசிக் பக்கத்து வெங்காயச் சந்தையான லாசல்காவின் ஏலத்தில் விலை துள்ளும். கோயம்பேட்டில் அது மறுநாளே தெரியும்.

நம் சின்ன வெங்காயத்துக்கு பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்து மழையும் நடவும்தான் பெரிதும் கணக்கு. பல்லாரி ஏறும்போது அதுவும் ஏறினால், வீடுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது காரணமாக இருக்கும்.

5. அரசாங்கமே வெங்காயம் வாங்கி வெச்சிருக்காமே, அப்புறம் ஏன் விலை ஏறுது?

2014-15-ல் தொடங்கிய விலை நிலைப்படுத்தும் நிதியிலிருந்து நாஃபெட், என்.சி.சி.எஃப். என்ற கூட்டுறவு அமைப்புகள் ரபி அறுவடையில் வாங்கி வைக்கின்றன. 2023-ல் இலக்கு 3 லட்சம் டன்னிலிருந்து 5 லட்சம் டன்னாக உயர்ந்தது. 2023-24 விளைச்சல் 240 லட்சம் டன்னுக்கு மேல். ஆக இருப்பு சுமார் 2 சதவீதம். அதில் 4-ஆம் கேள்வியில் சொன்ன கழிவு வேறு.

இவ்வளவு சிறிய இருப்பால் ஆண்டு முழுவதும் விலையைப் பிடித்து வைக்க முடியாது. எந்த ஊரில் விலை வேகமாக ஏறுகிறதோ அந்த ஊருக்கு, வரத்து மெலிந்த ஐந்தாறு வாரத்தில் இறக்கினால் பயன் உண்டு. விலை உச்சத்தைத் தொட்ட பிறகு இறக்கினால், அதே வாரம் புதுச் சரக்கும் வந்து சேர்ந்து விவசாயியின் விலையைத்தான் அடிக்கும். இருப்பின் அளவைவிட அதை எந்த நாளில் வெளியே எடுக்கிறோம் என்பது முக்கியம்.

6. விவசாயிக்கு 5 ரூபாய்தான் கிடைக்குது, நாங்க 20 ரூபாய் குடுக்கறோம். நடுவுல யார் தின்னறது?

ஒரு மாதிரிக் கணக்கு. தோட்டத்து விலை கிலோ 5. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி 3. மொத்த வியாபாரி, மண்டிச் செலவு 3. ஆக 11. கூடையில் நசுங்கியதும் அழுகியதுமாக 15 சதவீதம் போகும். விற்கும் 85 சதவீதத்தில்தான் மொத்தக் காசையும் எடுக்க வேண்டும் என்பதால் அது 13 ஆகிறது. சில்லறைக் கடைக்காரரின் வாடகை, கூலி, லாபம் 8. உங்கள் கையில் 21 ரூபாய்.

இப்போது தோட்டத்து விலையை 80 ஆக்குங்கள். 86 ரூபாய்ச் சரக்கு, கழிவு சேர்ந்து 101, கடைக்காரரின் 8 சேர்ந்து 109. முதல் கணக்கில் 2 ரூபாயாக இருந்த கழிவுச் செலவு இங்கே 15 ரூபாய். வாடகையும் கூலியும் சரக்கின் விலையைப் பார்த்து மாறுவதில்லை. கழிவு மட்டும் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. தோட்டத்தில் விலை கால்வாசி ஆனாலும் கடையில் கால்வாசி ஆகாததற்கு அந்த மாறாத வாடகையும் கூலியுமே காரணம். இதற்கு மேல், பல கமிஷன் மண்டிகளில் விவசாயியின் 5 ரூபாயிலிருந்தே 10 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுகளின்படி நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. இடைத்தரகரைத் திட்டுவது எளிது. கூடைக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட், மண்டிக்குப் பக்கத்திலேயே தரம் பிரிப்பு, வெயிலில் நிற்காத வண்டி: இந்த மூன்றும் கழிவைப் பாதியாக்கினால் இரண்டு பக்கமும் மிச்சம்.

7. அப்போ உழவர் சந்தையை எல்லா ஊர்லயும் திறந்துட்டா போதுமே?

திறக்க வேண்டும், சந்தேகமே இல்லை. 1999-ல் மதுரையில் தொடங்கியதிலிருந்து விவசாயிக்கு மொத்த விலையைவிடச் சற்று மேலும், வாங்குபவருக்குச் சில்லறை விலையைவிடச் சற்றுக் கீழும் கிடைக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் விளையும் காய்க்குத்தான் அது உதவும். நாசிக் வெங்காயமும் ஊட்டி கேரட்டும் பல நூறு கிலோமீட்டர் கடந்து வர வேண்டியவை. வரத்தே இல்லாத மாதத்தில் உழவர் சந்தையிலும் விலை ஏறும்.

8. டீசல் விலை ஏறினதாலதான் காய்கறி ஏறுதுன்னு கடைக்காரர் சொல்றாரே?

10 டன் ஏற்றும் லாரி, போக வர 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 150 லிட்டர். டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் கூடுதல் 750 ரூபாய். 10,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு ஏழரைக் காசு. டிராக்டர், மோட்டார், விசைப்படகு வழியாக உற்பத்திச் செலவு மெதுவாக ஏறும் என்பது உண்மை. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறியதற்கு டீசலைக் காரணம் சொன்னால் நம்ப வேண்டாம்.

9. எல்லாம் பதுக்கல்தான். கிடங்கை ரெய்டு பண்ணா விலை இறங்காதா?

தக்காளி, கத்தரிக்காய், கீரையைப் பதுக்க முடியாது. துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை, மிளகாய் வற்றலைப் பதுக்கலாம். சந்தேகம் வந்தால் வரத்தைப் பாருங்கள். மண்டி வரத்து குறைந்து விலை ஏறினால் விளைச்சல் குறைவு. விளைச்சல் நன்றாக இருந்தும் அறுவடை மாதத்திலேயே வரத்து சுருங்கினால் யாரோ பிடித்து வைக்கிறார்கள்.

அதற்கான ஆயுதம் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் விதித்த இருப்பு வரம்பு: மொத்த வியாபாரிக்கு ஒவ்வொரு பருப்பிலும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. தையில் அறுவடையாகும் துவரையை யாராவது வாங்கி வைத்தால்தான் ஆவணியில் நமக்குப் பருப்பு கிடைக்கும். அறுவடை நேரத்தில் வரம்பு போட்டால் வியாபாரி வாங்கத் தயங்குவார், விவசாயிக்கு விலை விழும், அடுத்த ஆண்டு விதைப்பு குறையும். இருப்பை மறைக்காமல் வாரந்தோறும் அறிவிக்க வைப்பது முதல் படியாக இருக்க வேண்டும். வரம்பு அதற்குப் பிறகு.

10. துவரம் பருப்பும் எண்ணெயும் ஏன் இறங்கவே மாட்டேங்குது?

இரண்டிலும் நாம் வெளிநாட்டை நம்பி இருக்கிறோம். துவரை ஐந்தாறு மாதப் பயிர், ஆண்டுக்கு ஒரு அறுவடை, பெரும்பாலும் மானாவாரி. தேவை 45 லட்சம் டன் அளவில் இருக்க, 2022-23-ல் விளைந்தது 33 லட்சம் டன். மியான்மர், மொசாம்பிக், தான்சானியா போன்ற சில நாடுகளில்தான் துவரை விற்பனைக்குக் கிடைக்கிறது. நமக்குத் தட்டுப்பாடு என்று தெரிந்ததும் அங்கேயும் விலை ஏறும். இறக்குமதி வரியை நீக்குவதால் ஓரளவுக்குத்தான் பயன்.

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. இந்தியாவின் கையில் இருப்பது சுங்க வரி ஒன்றுதான். சுத்திகரிக்காத எண்ணெய்க்கான மொத்த வரி 2024 செப்டம்பரில் 5.5-லிருந்து 27.5 சதவீதமானது, எண்ணெய் வித்து விவசாயிக்காக. 2025 மே கடைசியில் 16.5 ஆனது, நுகர்வோருக்காக. துறைமுகத்தில் கிலோ 90 ரூபாய்க்கு வந்து இறங்கும் எண்ணெயில் 27.5-க்கும் 16.5-க்கும் வித்தியாசம் ஏறத்தாழ 10 ரூபாய். நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தமிழ்நாடு கொடுப்பது இந்த ஆட்டத்திலிருந்து ஏழை வீட்டைக் காக்கிறது.

11. ஏற்றுமதியைத் தடை பண்ணா உள்ளூர்ல விலை குறையும்தானே? அதுல என்ன தப்பு?

குறையும், சில வாரத்துக்கு. வெங்காயத்தின் கதையை வரிசையாகப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் கடைசியில் டன்னுக்குக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை 800 டாலர். டிசம்பர் 8-ல் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கியது, வரி தொடர்ந்தது. செப்டம்பரில் வரி பாதியானது. 2025 ஏப்ரலில் முழுவதும் போயிற்று. இருபது மாதத்தில் ஆறு விதிகள். இலங்கை, வங்கதேசம், மலேசியாவில் வாங்குபவர் வேறு நாட்டைத் தேடிக்கொள்கிறார். தடை நீங்கிய மறுநாளே திரும்பி வந்துவிட மாட்டார்.

அரிசியில் விளைவு இன்னும் பெரிது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்ததும் உலக விலை 15 ஆண்டு உச்சத்துக்குப் போனது. அரிசியை வாங்கிச் சாப்பிடும் ஏழை நாடுகள் அதைச் சுமந்தன. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. தவிர்க்க முடியாத நேரத்தில் வரி போதும், அதுவும் இந்த விலையைத் தாண்டினால் இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்த வரி. விதைக்கும்போதே விவசாயிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

12. ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்தினா தக்காளி விலை எப்படி இறங்கும்?

இறங்காது. வட்டி ஏறினால் மழை வராது. ஆனாலும் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதமானதற்கு அர்த்தம் உண்டு. உணவு விலை நெடுநாள் ஏறியே இருந்தால் கூலி கேட்பு ஏறும், ஓட்டலில் இட்லி விலை ஏறும், பள்ளி வேன் கட்டணம் ஏறும். பிறகு தக்காளி இறங்கினாலும் இவை இறங்காது. வட்டி தடுக்கப் பார்ப்பது அந்த இரண்டாவது சுற்றை. 2016-ல் சட்டப்படி அறிவித்த பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீதம் விலகலாம்.

13. நெல்லுக்கு ஆதார விலையை ஏத்தினா அரிசி விலை ஏறத்தானே செய்யும்?

ஏறும், எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். சாதாரண ரக நெல்லின் ஆதார விலை 2024-25-ல் குவிண்டாலுக்கு 2,300, 2025-26-ல் 2,369. கூடுதல் 69 ரூபாய். ஒரு குவிண்டால் நெல்லில் 67 கிலோ அரிசி என்பது அரசு அரவைக் கணக்கு. ஆக கிலோ அரிசிக்கு 1 ரூபாய் 3 காசு. கடையில் 6 ரூபாய் ஏறியிருந்தால் மீதி ஐந்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

14. இதுக்கு மேல விக்கக்கூடாதுன்னு ஒரே சட்டம் போட்டா முடிஞ்சது. ஏன் போடறதில்லை?

இலங்கை போட்டுப் பார்த்தது. 2021 செப்டம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதித்தது. அந்த விலைக்கு விற்க ஆலைகள் சரக்கைத் தரவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே கட்டுப்பாட்டை நீக்கியது. அதே ஆண்டு ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததால் விளைச்சல் விழுந்தது, அடுத்த ஆண்டு இலங்கை ரூபாயின் மதிப்பும் சரிந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

கையில் சரக்கு உள்ள அரசு மட்டுமே விலையைச் சொல்ல முடியும். 2023 ஜூலையில் சென்னை நியாயவிலைக் கடைகளில் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசு விற்றது பலித்தது, அது கொள்முதல் செய்து விற்றதால். உத்தரவு மட்டும் போட்டிருந்தால் கடையில் தக்காளியே இருந்திருக்காது.

15. விலை ஏறும்போது அரசாங்கம் ஓடி வருது. விழும்போது எங்கே போகுது?

விலைக் கட்டுப்பாட்டின் பாதி வேலை விலை விழும் மாதத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் கோட்டை விடுகிறோம். 3-ஆம் பதிலில் பார்த்த மே மாதம் அதற்குச் சாட்சி. 2018-ல் 500 கோடி ரூபாயில் அறிவித்த 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கை உபரி இடத்திலிருந்து எடுத்துச் செல்லவும் சேமிக்கவும் 50 சதவீத மானியம் உண்டு. மண்டி விலை பறிப்புக் கூலிக்கும் கீழே போன வாரத்திலேயே அது இயங்க வேண்டும். விண்ணப்பித்து, பில் கட்டி, மாதம் கழித்துப் பணம் என்றால் அதற்குள் தக்காளி சாலையில் கிடக்கும்.

'கூழ் ஆலை வைத்துவிடலாமே' என்பார்கள். நம் சந்தைத் தக்காளியில் நீர் அதிகம், கரையும் திடப்பொருள் 4 முதல் 4.5 சதவீதம்தான். கெட்டிக் கூழ் ஒரு கிலோவுக்கு ஆறேழு கிலோ தக்காளி வேண்டும். விலை 3 ரூபாயாக இருக்கும்போது ஆலைக்குக் கட்டுபடியாகும், 15 ஆனதும் மூடிவிடுவார்கள். கூழுக்கான ரகத்தை ஒப்பந்தத்தில் தனியாகப் பயிரிட்டு, உபரி மாதத்தில் சந்தைத் தக்காளியையும் கொஞ்சம் கலந்து ஓட்டினால்தான் ஆலை ஆண்டு முழுவதும் நிற்கும்.

16. சரி, வீட்டுல நாங்க என்ன பண்றது?

பொருளுக்குப் பொருள் வேறு. ஏப்ரல், மே மாதப் பல்லாரியை இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கழுத்து காய்ந்து தோல் சலசலப்பதாக இருக்கட்டும். காற்றோட்டமான கூடையில் பரப்பி, உருளைக்கிழங்கிலிருந்து தள்ளி வையுங்கள். பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம். புளி, வற்றல் மிளகாய் புதுச் சரக்கு மாசி, பங்குனியில் வரும். அப்போது வாங்கி வெயிலில் காயவைத்து ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். துவரை ஏறும்போது சாம்பாரில் பாதி பாசிப்பருப்பு அல்லது மைசூர் பருப்பு. தக்காளி 15 ரூபாய்க்கு விற்கும்போது ஐந்து கிலோ வாங்கி வேகவைத்து, தோல் எடுத்து, பாதியாகச் சுண்டவைத்து உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் வரும். விலை ஏறத் தொடங்கிய வாரத்தில் பயந்து மூட்டையாக வாங்காதீர்கள்.

17. விலை ஏறப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

தக்காளிக்கு இன்றைய விலையைப் பார்க்காதீர்கள்; இரண்டு மாதத்துக்கு முந்தைய விலையைப் பாருங்கள். அது பறிப்புக் கூலிக்கும் கீழே இருந்திருந்தால் அப்போது நடவு குறைந்திருக்கும், இப்போது வரத்து குறையும். பாலக்கோடு, ஒட்டன்சத்திரம், கோலார், மதனப்பள்ளி ஆகிய நான்கு தக்காளிச் சந்தைகளிலும் வரத்து ஒரே வாரத்தில் குறைந்தால் பத்து நாளில் சென்னையில் தெரியும். துவரைக்கு ஜூலை, ஆகஸ்ட் விதைப்புப் பரப்பும் வடகர்நாடகத்து மழையும். வெங்காயத்துக்கு ஆகஸ்டில் லாசல்காவ் வரத்து, செப்டம்பரில் நாசிக் மழை. மண்டி வரத்து, மொத்த விலை இரண்டையும் வேளாண் அமைச்சகத்தின் அக்மார்க்நெட் தளம் நாள்தோறும் வெளியிடுகிறது. நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை விலையை ஊர் வாரியாகத் தருகிறது. விலை நெடுவரிசையை விட்டு வரத்து நெடுவரிசையை முதலில் படியுங்கள்.